ராத்திரிக்கு ஒரு சத்திரம்: மோட்டார்ஹோமில் ஐரோப்பா

இங்கிலாந்தில் ரெடிங் பக்கம் குடியிருக்கிறோம், சொந்த ஊர் திருச்சி. நான்கு பேர் படுக்கிற மாதிரியான பழைய மோட்டார்ஹோம் (படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கிற வண்டி) ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கி, இதுவரை மூன்று கோடை விடுமுறைகளை பிரான்ஸ், ஜெர்மனி, வட இத்தாலி, வட ஸ்பெயின் என்று அதிலேயே கழித்திருக்கிறோம். முதல் இரண்டு தடவை நான், மனைவி, மகள். மூன்றாவது தடவை ஊரிலிருந்து அப்பாவும் வந்து சேர்ந்துகொண்டார். யாரிடம் சொன்னாலும் கேட்பது ஒரே கேள்விதான்: "அதெல்லாம் சரி, ராத்திரி எங்கே தூங்குவீங்க?" நியாயமான கேள்வி. ஹோட்டல் என்றால் ரூம் போட்டாயிற்று என்று நிம்மதியாக இருக்கலாம், வண்டியோடு போகிறவனுக்கு ஒவ்வொரு நாள் சாயங்காலமும் அந்தக் கேள்வி புதிதாக வந்து நிற்கும். அதனால் இங்கே எழுதப்போவது ராத்திரி தங்குமிடம் பற்றி மட்டும்தான்.

முதல் பயணத்தின் முதல் ராத்திரியே தப்பாகப் போயிற்று. டோவரிலிருந்து கலேக்கு கப்பலில் ஒன்றரை மணி நேரம்தான். ஆனால் கிளம்பவே தாமதம், அந்தப் பக்கம் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை, இறங்கும்போது மணி பத்தரை. ஒரு மணி நேரம் ஓட்டியதும் கண் சொருகியது. மோட்டார்வே ஓரத்தில் கழிப்பறையும் மரங்களுமாக ஒரு ஓய்விடம் வந்தது. லாரிகள் வரிசையாக நின்றன, எங்களுடையதைப் போல இரண்டு மோட்டார்ஹோம்களும் நின்றன, சரி, ஆட்கள் இருக்கிறார்களே என்று நிறுத்திப் படுத்துவிட்டோம். மூன்று மணி இருக்கும். பக்கவாட்டுக் கதவின் கைப்பிடியை யாரோ மெதுவாக இழுத்துப் பார்க்கிற சத்தம். மனைவி என் கையை இறுக்கிப் பிடித்தாள். நான் விளக்கைப் போட்டு, முன்சீட்டுக்குத் தாவி ஹாரனை அடித்தேன், காலடிச் சத்தம் ஓடி மறைந்தது. எங்களுக்கு எதுவும் போகவில்லை. பக்கத்தில் நின்ற டச்சுத் தம்பதியின் வண்டியில் முன்கதவுப் பூட்டை நெம்பி, சீட்டுக்கடியில் இருந்த பையை எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள், அதுவும் அவர்கள் உள்ளே தூங்கிக்கொண்டிருக்கும்போதே.

காலையில் அந்தப் பெரியவர் எங்களுக்கும் சேர்த்துக் காபி போட்டுக் கொடுத்தார். இருபது வருடமாகச் சுற்றுகிறார்களாம், மோட்டார்வே ஓரத்தில் ஒரு நாளும் தூங்கியதில்லையாம், முந்தின நாள் மட்டும் அலுப்பில் விட்டுவிட்டார்களாம். வரைபடத்தை விரித்து, அடுத்த எக்ஸிட்டிலிருந்து ஆறு கிலோமீட்டரில் ஒரு கிராமத்தைக் காட்டினார். "அங்கே ஒரு ஏர் இருக்கிறது. நேற்று நாம் இரண்டு பேருமே அங்கே போயிருக்க வேண்டும்." ஆறே கிலோமீட்டர். அன்றிலிருந்து எவ்வளவு அலுப்பாக இருந்தாலும் மோட்டார்வேயை விட்டு இறங்கி, ஒரு ஊருக்குள் போன பிறகுதான் படுக்கை.

இந்த 'ஏர்' என்ற சொல்லை முதலில் புரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் பிரெஞ்சுக்காரர்கள் இரண்டு விஷயத்துக்கும் அதே சொல்லைத்தான் பயன்படுத்துகிறார்கள். மோட்டார்வே ஓய்விடமும் ஏர்தான். ஊராட்சிகள் மோட்டார்ஹோம்களுக்கென்று ஒதுக்கி வைத்திருக்கும் இடமும் ஏர்தான், அதை 'ஏர் தெ காம்பிங்-கார்' என்பார்கள் (மோட்டார்ஹோமை அவர்கள் காம்பிங்-கார் என்றுதான் சொல்கிறார்கள், ஆங்கிலம் மாதிரித் தெரிந்தாலும் அது சுத்தமான பிரெஞ்சுப் பயன்பாடு). நமக்கு வேண்டியது இரண்டாவது வகை. பிரான்ஸ் முழுக்க ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. ஆற்றங்கரையில், விளையாட்டுத் திடலுக்குப் பக்கத்தில், பழைய ரயில் நிலையத்துக்குப் பின்னால், சர்ச்சுக்குக் கீழே என்று எங்காவது பத்துப் பதினைந்து வண்டிகள் நிற்கிற மாதிரி சமப்படுத்தி, தண்ணீர் பிடிக்கவும் கழிவை ஊற்றவும் ஒரு சர்வீஸ் பாயிண்ட் வைத்திருப்பார்கள். நாங்கள் தங்கியவற்றில் பாதிக்கு மேல் இலவசம், மற்றவை 5 முதல் 15 யூரோவுக்குள். முன்பதிவு பெரும்பாலும் கிடையாது, முதலில் வந்தவருக்கு இடம்.

ஊர்க்காரர்கள் இதை ஏன் செய்கிறார்கள் என்று எனக்கு முதலில் பிடிபடவில்லை. அப்பாதான் ஒரு சாயங்காலம் சொன்னார். தோர்தோன் பக்கம் ஒரு சின்ன ஊர், ஏருக்கு அடுத்தாற்போல் பெதாங்க் விளையாடும் மண் திடல். வயதானவர்கள் இரும்புக் குண்டுகளை உருட்டிக்கொண்டிருந்தார்கள், அப்பா ஒரு மணி நேரமாக நின்று பார்த்ததில் அவர் கையிலும் ஒரு குண்டைக் கொடுத்துவிட்டார்கள். பாஷை எதுவும் தேவைப்படவில்லை. திரும்பி வந்து படிக்கட்டில் உட்கார்ந்தவர், "ஏம்ப்பா, இது நம்ம ஊர் சத்திரந்தானே," என்றார். ராணி மங்கம்மாள் வழி நெடுக சத்திரம் கட்டினாள், ராமேஸ்வரம் போகிறவர்களுக்காகத் தஞ்சாவூர் மராட்டிய ராஜாக்கள் கட்டினார்கள், வழிப்போக்கன் ஒரு ராத்திரி தங்குவான், கடைத்தெருவில் ரெண்டு காசு செலவழிப்பான், காலையில் போய்விடுவான். அதே ஏற்பாடுதான் இங்கேயும் என்றார். நான் படித்த எந்த வழிகாட்டியும் இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை. அதிலிருந்து எங்கே தங்கினாலும் காலை ரொட்டியை அந்த ஊர் பேக்கரியிலேயே வாங்குவது, காய்கறியை அந்த ஊர்ச் சந்தையிலேயே வாங்குவது என்று வைத்துக்கொண்டோம். வரும்போதே சூப்பர்மார்க்கெட்டில் வண்டி நிறைய நிரப்பிக்கொண்டு வந்து, இலவசத் தண்ணீரை மட்டும் பிடித்துக்கொண்டு போவது எனக்குச் சரியாகப் படவில்லை. அப்படிச் செய்கிறவர்கள் அதிகமானால் ஊராட்சி ஒரு நாள் இரும்புக் கம்பியைக் குறுக்கே போட்டுவிடும். கடலோர ஊர்கள் பலவற்றில் ஏற்கெனவே இரண்டு மீட்டர் உயரத்தில் அப்படிக் கம்பி மாட்டியிருக்கிறார்கள், கார் நுழையும், நம் வண்டி நுழையாது. எங்கள் வண்டியின் உயரம் 2.95 மீட்டர். அதைப் பெரிய எழுத்தில் எழுதி ஸ்டியரிங்குக்கு மேலே ஒட்டியிருக்கிறேன்.

நேரம் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்களுக்கு நடந்த கோளாறுகளில் முக்கால்வாசி நேரத்தால் வந்தவை. ஜூலை, ஆகஸ்டில் நல்ல ஏர்கள் நான்கு, ஐந்து மணிக்கெல்லாம் நிறைந்துவிடும். ஆறு மணிக்குப் போனால் ஓரமாக ஏதாவது கிடைக்கும், எட்டு மணிக்குப் போனால் கிடைக்காது, அப்புறம் இருட்டில் அடுத்த ஊர், அதற்கடுத்த ஊர் என்று தேடி, கடைசியில் கண்ட இடத்தில் நிறுத்த வேண்டி வரும். இருட்டில் ஒரு இடத்தைப் பார்த்து எடைபோடவே முடியாது. அதனால் காலையில் கிளம்பும்போதே மூன்று இடம் குறித்துக்கொள்வோம். முதலாவது ஆசைப்பட்ட இடம். இரண்டாவது அதிலிருந்து இருபது கிலோமீட்டருக்குள் இன்னொரு ஏர். மூன்றாவது கட்டாயம் இடம் கிடைக்கும் என்று நம்பக்கூடிய ஒன்று, பெரும்பாலும் ஊராட்சியே நடத்தும் 'காம்பிங் முனிசிபால்'. இந்தக் கடைசி வகை முகாம்களை நம்மவர்கள் கவனிப்பதே இல்லை. நீச்சல் குளம், ஆட்டம் பாட்டம் எதுவும் இருக்காது, ஆனால் சுத்தமான குளியலறை, கரண்ட், மர நிழல் எல்லாம் உண்டு, நாங்கள் 15 முதல் 25 யூரோ வரை கொடுத்திருக்கிறோம். ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும்: அலுவலகத்தை மதியம் இரண்டு மணி நேரம் பூட்டுவார்கள், சாயங்காலம் ஏழு, ஏழரைக்கு மறுபடி பூட்டிவிடுவார்கள்.

தேடுவதற்கு பார்க்ஃபோர்நைட், கேம்பர்காண்டாக்ட் இரண்டு ஆப்களும் போதும். முன்னதில் காட்டுக்குள், கடலோரத்தில் யாரோ ஒருவர் ஒருநாள் நிறுத்திய இடமெல்லாம் வரும், அங்கே நிறுத்த அனுமதி உண்டு என்று அதற்கு அர்த்தமில்லை. பின்னதில் முறையான இடங்கள் அதிகம். நட்சத்திரம் எத்தனை என்று பார்க்காமல், கடைசி இரண்டு மாதத்தில் எழுதியவற்றைப் படியுங்கள். பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் இருந்தாலும் மொழிபெயர்த்துப் படியுங்கள், உள்ளூர்க்காரர்கள் எழுதியதில்தான் விஷயம் இருக்கும். "சனிக்கிழமை இரவு இளைஞர்கள் கார்களோடு வருகிறார்கள்", "சர்ச் மணி ராத்திரி முழுக்க அடிக்கிறது", "குப்பை லாரி ஐந்து மணிக்கு" என்பதெல்லாம் அங்கேதான் கிடைக்கும். சர்ச் மணியை நாங்கள் முதலில் லேசாக எடுத்துக்கொண்டோம். பல கிராமங்களில் மணிக்கொரு தரம் அடித்து, இரண்டு நிமிடம் கழித்து அதே எண்ணிக்கையை மறுபடி அடிப்பார்கள். பன்னிரண்டு மணிக்கு இருபத்துநான்கு அடி. கோபுரத்துக்கு அடியிலேயே படுத்திருந்தோம்.

போய் இறங்கியதும் நான் செய்யும் முதல் வேலை, என்ஜினை அணைத்துவிட்டு இடத்தைச் சுற்றி ஒரு நடை. தரையில் கார் ஜன்னல் கண்ணாடித் தூள் குவியலாகக் கிடக்கிறதா என்று பார்ப்பேன். அப்படிக் கிடந்தால் அங்கே வண்டி உடைத்திருக்கிறார்கள், ஒரு வார்த்தை பேசாமல் கிளம்பிவிடுவோம். அப்புறம் அறிவிப்புப் பலகை. இதைப் படிக்காமல் விட்டு லுவார் பக்கம் ஒரு ஊரில் மாட்டிக்கொண்டோம். அழகான சதுக்கம், மர நிழல், வேறு வண்டியே இல்லை. ஏன் இல்லை என்று நாங்கள் யோசித்திருக்க வேண்டும். சாயங்காலம் ஏழு மணிக்கு ஒரு அம்மாள் ரொட்டிப் பையோடு வந்து ஜன்னலைத் தட்டி, பலகையைக் காட்டி, "மார்ஷே, மார்ஷே" என்றார். மறுநாள் வியாழக்கிழமை, சந்தை நாள், காலை ஐந்து மணியிலிருந்து அங்கே வண்டி நிற்கக் கூடாது, நின்றால் இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அவரே முன்னால் நடந்து போய், பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு இடத்தைக் காட்டினார். இப்போது மகளுக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறேன், எந்த ஊர்ப் பலகையிலும் கிழமையின் பெயர் எழுதியிருக்கிறதா என்று அவள்தான் பார்க்க வேண்டும்.

பிரான்ஸில் எங்களுக்கு மிகவும் பிடித்துப்போனது ஃபிரான்ஸ் பாஸியோன் என்கிற ஏற்பாடு. 1993-இல் தொடங்கியது. திராட்சைத் தோட்டக்காரர்கள், பால் பண்ணைக்காரர்கள், தேன் எடுப்பவர்கள், வாதுமை விளைவிப்பவர்கள் என்று இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் தங்கள் நிலத்தில் மோட்டார்ஹோம்களுக்கு ஒரு ராத்திரி இடம் தருகிறார்கள். வருடச் சந்தா கட்டினால் புத்தகமும் கண்ணாடியில் ஒட்ட ஒரு ஸ்டிக்கரும் வரும், அதற்கு மேல் தங்குவதற்குக் காசு இல்லை. 24 மணி நேரம்தான், வண்டிக்குள்ளேயே கழிப்பறையும் தண்ணீரும் இருக்க வேண்டும், வந்ததும் வீட்டுக்காரரைப் பார்த்து வணக்கம் சொல்ல வேண்டும், போகும்போது சொல்லிக்கொண்டு போக வேண்டும். வாங்கித்தான் ஆக வேண்டும் என்று கட்டாயமில்லை. நாங்கள் வைன் குடிக்கிற குடும்பம் இல்லை, அதனால் ஆட்டுப்பால் சீஸ் செய்கிறவர்களாகப் பார்த்துப் போனோம். துரேன் பகுதியில் ஒரு பண்ணை, நீளமான சாம்பல் பூசிய சீஸ், நடுவில் ஒரு வைக்கோல் தண்டு செருகியிருந்தது. செயின்ட்-மோர் வகை அது. அந்தத் தண்டில் தயாரிப்பாளரின் அடையாளம் பொறித்திருக்கும் என்று அந்தப் பெண்மணி உருவிக் காட்டினார். மகள் ஆட்டுக்குட்டிக்குப் புட்டிப்பால் கொடுத்தாள். அங்கேதான் இன்னொன்றும் நடந்தது. ராத்திரி மழை பெய்து, புல்தரையில் எங்கள் முன்சக்கரங்கள் புதைந்துவிட்டன. முன்சக்கரம் இழுக்கிற வண்டி ஈரப் புல்லில் சுத்தமாக நகராது, ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்கக் குழிதான் ஆழமாகும். அந்த அம்மாளின் கணவர் டிராக்டரைக் கொண்டுவந்து, இழுக்கிற கொக்கியை எங்கே மாட்டுவது என்று கேட்டார், எனக்குத் தெரியவில்லை. வண்டியோடு வந்த கொக்கியைப் பெட்டியில் தேடி எடுத்து, பம்பரில் மூடியைக் கழற்றித் திருகவே இருபது நிமிடம் ஆயிற்று. உங்கள் வண்டியில் அது எங்கே இருக்கிறது என்று வீட்டில் இருக்கும்போதே பார்த்துவிடுங்கள். புல்லில் நிறுத்த நேர்ந்தால் முன்சக்கரத்துக்கு அடியில் கெட்டியான மண்ணோ பாதையோ இருக்கிற மாதிரி, முகம் வாசலைப் பார்த்திருக்கும்படி நிறுத்துங்கள்.

ஜெர்மனியில் இதற்கு ஸ்டெல்பிளாட்ஸ் என்று பெயர். எல்லாம் இன்னும் ஒழுங்கு. மோசல் ஆற்றங்கரையில் ஊருக்கு ஊர் உண்டு, எதிர்க்கரைச் சரிவு முழுக்கத் திராட்சைக் கொடிகள், கண்ணுக்கு முன்னாலேயே சரக்குப் படகுகள் போகும். சாயங்காலம் ஒருவர் சைக்கிளில் வந்து பணம் வசூலிப்பார், காலைக்கு எத்தனை ரொட்டி வேண்டும் என்று குறித்துக்கொண்டு போவார். கரண்ட்டுக்கு நாணயம் போட வேண்டும், எனவே 50 சென்ட், ஒரு யூரோ சில்லறைகளை ஒரு டப்பாவில் சேர்த்து வைத்தோம். தடைப் பலகை இல்லாத சாலையோரத்தில், மறுபடி ஓட்டுவதற்கான தெம்பு வரும் வரை ஒரு ராத்திரி தூங்கிக்கொள்ள ஜெர்மனியில் இடம் கொடுக்கிறார்கள். ஆனால் நாற்காலியை வெளியே போட்டால் அது ஓய்வு என்ற கணக்கில் வராது.

இந்த நாற்காலி விஷயம்தான் ஐரோப்பா முழுக்க முக்கியமான கோடு. ஸ்பெயினில் அதை எழுத்திலேயே வைத்திருக்கிறார்கள்: போக்குவரத்துத் துறையின் விளக்கப்படி, சக்கரங்கள் மட்டும் தரையில் பட, வண்டியின் எல்லைக்கு வெளியே எதையும் நீட்டாமல், எதையும் கொட்டாமல் நின்றால் அது பார்க்கிங், உள்ளே நீங்கள் தூங்குகிறீர்களா சமைக்கிறீர்களா என்பது கணக்கில் வராது. வண்டியின் பக்கவாட்டில் நிழலுக்கு விரிக்கிற துணிச் சாய்ப்பை விரித்தால், நாற்காலி போட்டால், தாங்கு கால்களை இறக்கினால் அது முகாமிடுதல். முகாமிடுவதற்கு உண்டான இடத்தில்தான் அதைச் செய்யலாம். எங்களோடு வந்த ஒரு நண்பர் குடும்பம் கான்டாப்ரியா கடற்கரையில் சாய்ப்பைக் கொஞ்சம்போல் விரித்திருந்தது, போலீஸ்காரர் வந்து மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார், அபராதம் போடவில்லை. எல்லோரும் அப்படி விடமாட்டார்கள். குரோஷியாவில் முகாம்களுக்கு வெளியே இப்படித் தூங்குவதே தடை. நார்வே, ஸ்வீடனில் எல்லோருக்கும் எங்கும் தங்கும் உரிமை உண்டு என்று கேள்விப்பட்டு நிறையப் பேர் கிளம்புகிறார்கள், அந்த உரிமை நடந்து போகிறவனுக்கும் கூடாரத்துக்கும்தான், மோட்டார் வண்டிக்குப் பொருந்தாது.

இத்தாலியில் ஏருக்கு 'ஆரெயா தி சோஸ்தா' என்று தேடுங்கள். ஆகஸ்ட் நடுவில், குறிப்பாக 15-ஆம் தேதி ஃபெர்ரகோஸ்தோ விடுமுறையை ஒட்டி, கார்தா ஏரி பக்கம் போய்விடாதீர்கள், ஒரு அங்குல இடம் இருக்காது. நாங்கள் ஐந்து இடத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டு, ஏரியை விட்டு முப்பது கிலோமீட்டர் உள்ளே ஒரு பண்ணை வீட்டில், ராத்திரிச் சாப்பாடு அவர்களிடம் சாப்பிட்டால் நிறுத்திக்கொள்ளலாம் என்ற பேச்சில் இடம் பிடித்தோம். அந்தப் பயணத்தில் அதுவே சிறந்த சாப்பாடு. பழைய ஊர்களின் மையத்துக்குள் வண்டியை விடவே கூடாது, கேமரா படம் பிடித்து மாதக்கணக்கு கழித்து அபராதச் சீட்டு வீட்டுக்கு வரும்.

அப்பாவின் விசா பற்றித் தனியாகச் சொல்கிறேன், இதைப் பற்றி யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. இந்தியப் பாஸ்போர்ட், எனவே ஷெங்கன் விசா (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா), அதற்கு ஒவ்வொரு ராத்திரியும் எங்கே தங்குகிறீர்கள் என்று காட்ட வேண்டும். "வண்டியில்தான் தங்குவோம், இடம் அன்றன்றைக்குப் பார்த்துக்கொள்வோம்" என்று எழுதினால் எடுபடாது. நாங்கள் ரத்து செய்யக்கூடிய முகாம் பதிவுகளாகப் பார்த்து முன்கூட்டியே போட்டோம், நாள்வாரியாக ஊர்ப் பட்டியல், வண்டியின் பதிவுப் பத்திரம், என்னுடைய அழைப்புக் கடிதம் எல்லாவற்றையும் சேர்த்து அப்பா சென்னையில் கொடுத்தார், விசா வந்தது. பதிவு செய்த முகாம்களில் பெரும்பாலானவற்றில் தங்கவும் செய்தோம், அதனால் அந்தப் பயணத்தில் செலவு கொஞ்சம் கூடுதல். அறுபத்தெட்டு வயதுக்காரருக்கு இரண்டு நாளுக்கொரு முறை நல்ல குளியலறை கிடைத்ததில் எனக்கு அதுவே நிம்மதியாகவும் இருந்தது. பாரிஸில் புலோன் காட்டை ஒட்டி, சேன் நதிக்கரையில் உள்ள முகாமில் வண்டியை விட்டுவிட்டு மெட்ரோவில் லா ஷப்பேல் போனோம். கடைப் பலகையெல்லாம் தமிழில் இருப்பதைப் பார்த்து அப்பா தெருவிலேயே நின்றுவிட்டார்.

லா ஷப்பேல் போனதற்குச் சாமான் வாங்குவதும் ஒரு காரணம். பிரிட்டனிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இறைச்சியும் பால் பொருட்களும் கொண்டுபோக முடியாது, எனவே தயிர், நெய் இரண்டும் கிடையாது. கறிவேப்பிலை மாதிரிப் பச்சை இலைகளுக்கும் சான்றிதழ் வேண்டும். அரிசி, பருப்பு, மிளகாய்த் தூள், புளி எல்லாம் வீட்டிலிருந்தே எடுத்துப் போகலாம். தாளிப்பதையும் குக்கரையும் ஏழு மணிக்குள் முடித்துவிடுவோம். ஏரில் பக்கத்து வண்டி மூன்று மீட்டரில் நிற்கும், ஒன்பது மணிக்கெல்லாம் ஜன்னல் மறைப்பை இறக்கிவிட்டுப் படுத்துவிடுகிறவர்கள் நிறையப் பேர், அந்த நேரத்தில் குக்கர் விசில் வைப்பது முறையில்லை.

எத்தனை நாள் எங்கே தங்கலாம் என்பதை உண்மையில் தீர்மானிப்பது கழிப்பறைக் கேசட்தான், அதாவது கழிவு சேர்கிற, வெளியே உருவிக் கொட்டுகிற பெட்டி. எங்களுடையது 18 லிட்டர், நான்கு பேருக்கு இரண்டு நாள். நல்ல தண்ணீர்த் தொட்டி 100 லிட்டர், அதுவும் சிக்கனமாக இருந்தால் இரண்டு நாள். எனவே இரண்டு ராத்திரி சர்வீஸ் பாயிண்ட் இல்லாத பண்ணை என்றால் மூன்றாவது ராத்திரி கண்டிப்பாக அது உள்ள இடம் என்று சங்கிலியாகப் போட்டுக்கொள்வோம். சில ஊர்களில் இயந்திரத்துக்கு 'ஜெத்தோன்' என்ற வில்லை வேண்டும், சுற்றுலா அலுவலகத்திலோ பெட்டிக்கடையிலோ வாங்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை இரண்டும் பூட்டியிருக்கும். கேஸ் சிலிண்டரும் நாட்டுக்கு நாடு வேறு, பிரிட்டிஷ் சிலிண்டரைப் பிரான்ஸில் மாற்ற முடியாது. இரண்டாம் வருடம் பெட்ரோல் பங்கிலேயே எல்பிஜி நிரப்புகிற மாதிரித் தொட்டி மாட்டிவிட்டோம், நாட்டுக்குத் தகுந்த அடாப்டர்களோடு.

பயம் பற்றி. தூங்கும்போது வண்டிக்குள் மயக்க வாயு அடித்துத் திருடுகிறார்கள் என்று ஒரு பேச்சு எல்லா இடத்திலும் ஓடுகிறது, முதல் ராத்திரிக்குப் பிறகு என் மனைவியும் அதையே நினைத்துத் தூங்காமல் இருந்தாள். பிரிட்டனின் மயக்க மருத்துவர்கள் கல்லூரி அப்படிச் செய்வது நடைமுறையில் சாத்தியமில்லை என்று அறிக்கையே கொடுத்திருக்கிறது. நிஜமான ஆபத்து உள்ளேயிருந்து வருவது: கார்பன் மோனாக்சைடு. குளிருக்குக் கேஸ் அடுப்பை எரியவிட்டுத் தூங்கவே கூடாது, அலாரம் ஒன்று மாட்டி, மாதம் ஒரு முறை பொத்தானை அழுத்திப் பாருங்கள். திருட்டுக்கு எங்கள் ஏற்பாடு எளியது. பாஸ்போர்ட்டும் பணமும் படுக்கைக்குப் பக்கத்தில், முன்சீட்டில் எதுவும் இல்லாமல், ஓட்டுகிறவர் சீட்டுக்குப் போக வழி தடையில்லாமல், சாவி கைக்கெட்டும் இடத்தில். மனசுக்குப் பிடிக்கவில்லை என்று நான்கு பேரில் ஒருவர் சொன்னாலும் காரணம் கேட்காமல் வண்டியை எடுத்துவிடுவோம். மகள் இரண்டு தடவை சொல்லியிருக்கிறாள், இரண்டு தடவையும் கிளம்பினோம்.

திரும்பி வரும் கடைசி ராத்திரியைக் கலே பக்கத்தில் வைத்துக்கொள்வதில்லை. வண்டிக்குள்ளோ, பின்னால் மாட்டியிருக்கும் சைக்கிள்களின் உறைக்குள்ளோ யாராவது ஒளிந்து பிரிட்டன் வந்துவிட்டால் மோட்டார்ஹோம்காரரும் பொறுப்பு, 2023 பிப்ரவரியிலிருந்து ஒரு ஆளுக்கு 10,000 பவுண்டு வரை அபராதம் போடலாம். நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, அராஸ் பக்கம் ஏதாவது ஊரில் படுத்து, காலையில் கிளம்பி நேராகத் துறைமுகம், வழியில் எங்கும் நிறுத்துவதில்லை. உள்ளே நுழைவதற்கு முன் நானும் மனைவியும் ஆளுக்கொரு பக்கமாகப் போய்ப் பின்பெட்டி, கேஸ் அறை, சைக்கிள் உறை, வண்டியின் அடிப்பகுதி எல்லாவற்றையும் பார்ப்போம், மகள் நேரத்தையும் தேதியையும் அவளுடைய நோட்டில் எழுதிக்கொள்வாள், அப்புறம் கப்பல் வரிசையில் போய் நிற்போம்.